சக்கையோடு ஒரு பேச்சு

பதினோரு வருடக் குடித்தனத்தில் சவேரியான் ஒருமுறைகூட “நீ சொல்றது எனக்குப் புரியுது” என்று சொன்னதில்லை. சண்டை வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விடுவான். அரை மணி நேரத்தில் சூடான உளுந்தவடைப் பொட்டலத்தோடு திரும்புவான். அவனுடைய மன்னிப்பு எப்போதும் எண்ணெய் கசியும் காகிதத்தில் சுற்றித்தான் வரும்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கைபேசித் திரையில் சிரித்த முகமாக அவன் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவன் மனைவி கித்தேரி கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள்.

அவள் வேண்டுமென்றேதான் வம்புக்கு இழுத்திருந்தாள். “உங்களுக்கென்ன, நடுக்கடல்ல காத்து வாங்கிக்கிட்டு இருக்கீய. இங்க ஒத்தையில கெடந்து சாவுறது நானு. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டு, அங்கேயே ஒரு சீலா மீனைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க!”

“நீ சொல்றது எனக்குப் புரியுது கித்தேரி. உன் முடிவு எதுவானாலும் எனக்குச் சம்மதம்.”

அவள் அழுது கத்தி ஓய்ந்தாள். அவன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். தூத்துக்குடிக் கரையிலிருந்து முப்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. அறுபது ஆட்கள் தங்கும் ஓர் இரும்புத் தளம். அங்கே காற்று ஆளையே தள்ளும். ஆனால் திரையில் அவன் தலைமுடி ஒன்றுகூட அசையவில்லை.

வரும் இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு காற்றாலை அதிகாரி பணி நீட்டிப்புத் தாளோடு படகில் போவார். கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம். மனசோடு போடுகிறானா, மனசு வெறுத்துப் போடுகிறானா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதைத் தெரிந்துகொள்ள அவன் குரல் போதும். ஆனால் அந்தக் குரல்தான் சரியில்லை.

கீழ்வீட்டிலிருந்த நாத்தனாரைக் கூப்பிட்டாள். ஜெசிந்தாவுக்கு வேலை அலைவாய்த் தொடர்பகத்தில். ஊருக்கும் கடல்தளத்துக்கும் இணைப்பு கொடுத்திருக்கும் அதே நிறுவனம். வாடிக்கையாளர்களின் புகாருக்கு இதமாகப் பதில் சொல்வது அவள் வேலை. அண்ணியிடம் அந்த இதம் எடுபடவில்லை.

“ஏட்டி, உண்மையச் சொல்லு. நான் பேசுறது உங்கண்ணன்கிட்டதானா?”

ஜெசிந்தா எதிர்பார்த்திருந்த கேள்விபோலப் பெருமூச்சு விட்டாள். “அண்ணன்கிட்டதான் மைனி. ஆனா கடலுக்கடியில வர்றது ஒத்தக் கேபிளு. காத்தாலை வேலைக்கே அது பத்தல. அத்தன பேரு பேச்சும் அப்படியே வந்தா தாங்காது. அதனால அங்கருந்து பேச்ச அனுப்புறதில்ல. பேச்சோட சாரத்த மட்டும் ஒரு வரியா அனுப்பும். கரையில இருக்க மெசினு அதை அண்ணன் குரல்ல, அண்ணன் மூஞ்சியோட திரும்பப் பேசிக் காட்டும்.”

“அப்ப அந்தச் சிரிப்பு?”

“அது மெசினோடது. ஆனா சொன்ன விசயம் அண்ணன் சொன்னதுதான் மைனி, சத்தியமா. இருமல், இழுவை, கெட்ட வார்த்தை, சும்மா பேசாம இருக்கது, இதெல்லாம் சக்கைன்னு எடுத்துரும். ஒப்பந்தத்துலயே போட்டிருக்கு, எழுபத்தாறாம் பக்கத்துல.”

“அந்த மனுசன் பேசாம இருக்கதுதாண்டி பேச்சே!” கித்தேரிக்கு மூச்சு வாங்கியது. “உங்க சாரத்த நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்குச் சக்கை வேணும்.”

“எங்க போயி வாங்குவீய?”

கித்தேரி மேலே பார்த்தாள். பதினாலு மாடியும் முடிகிற இடத்தில் மொட்டைமாடி. அங்கிருந்து பார்த்தால் கடலுக்கு நடுவே காற்றாலைகள் பல்குத்தும் குச்சிகள்போல நிற்பது தெரியும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை, வெறும் காற்றுதான்.

அவள் துறைமுகத்தில் கிரேன்களுக்கு எர்த் போடுகிற எலக்ட்ரீஷியன். பழைய கிரேன்களைப் பிரித்தபோது கழித்துப் போட்ட ரேடியோக்கள் அவள் பரணில் ஒரு ஜோடி இருந்தன. சோற்றுத்தட்டு அகலத்துக்குக் குழிந்த தட்டு, பின்னால் செங்கல் அளவு பெட்டி. ஒன்று இங்கே, ஒன்று அங்கே. இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்தால் போதும், கேபிளும் வேண்டாம், அலைவாயும் வேண்டாம்.

ஒன்றாம் தேதி சாமான் படகில் சவேரியானுக்கு ஒரு பெரிய மக்ரூன் டப்பா போனது. மக்ரூனுக்கு அடியில் ஒரு ரேடியோ. அதற்கும் அடியில் நாலு பக்கக் கடிதம். எந்தக் கம்பத்தில் மாட்டுவது, எத்தனை போல்ட்டு, எர்த் எங்கே, தட்டை எந்தப் பக்கம் திருப்புவது, பதினெட்டாம் தேதியிலிருந்து தினமும் காலை ஒன்பதிலிருந்து பத்துவரை அதைப் போட்டு வைத்திருப்பது. மற்றதெல்லாம்தான் போனிலேயே கத்தித் தீர்த்தாயிற்றே என்று வேறொன்றும் எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் திரையில் சிரித்தான். “பொட்டலம் கிடைத்தது. தின்பண்டம் சுவையாக இருந்தது. நன்றி.” டப்பாவின் அடிவரை போனானா என்பது அதில் தெரியவில்லை.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் துரைச்சிங்கம் மொட்டைமாடிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கித்தேரி அனுமதி கேட்டுக் கூட்டிய கூட்டத்துக்கு வந்தார்.

“கித்தேரி, நீ வேல தெரிஞ்சவதான். ஒத்துக்கிடுதேன். ஆனா இங்க நூத்திப்பன்னெண்டு வீடு இருக்கு. லிப்டு, தண்ணி மோட்டாரு, வாசக்கதவு அம்புட்டும் அலைவாய் இணைப்புல ஓடுது. வெளியில ரேடியோ மாட்டலாம்னு சட்டம் இருக்கு, சரி. முப்பத்தோரு விதியும் இருக்குல்லா? ஒண்ணு பிசகினாலும் மொத்தக் கட்டடத்துக்கும் இணைப்ப வெட்டுவாம்லா? இதுவரைக்கும் இந்த ஊர்ல ஒரு கட்டடம் பாஸாகல.”

“போன புயல்ல அடுத்த தெருவுல என்ன நடந்துச்சு மாமா?”

“ஒருத்தன் தட்டைத் தண்ணித் தொட்டிக் குழாயில கம்பி வச்சுக் கட்டியிருந்தான். பறந்து போயி ஆட்டோ மேல விழுந்துச்சு.”

“ஆட்டோவுல ஆளிருந்தா? அந்தச் சட்டம் நல்ல சட்டம் மாமா. அலைவாய்க்காரன் அதைக் கத்தியா வச்சிருக்கான், ஏன்னா நாம யாரும் ஒழுங்கா மாட்ட மாட்டோம்னு அவனுக்குத் தெரியும். நான் சட்டத்த மீறப் போறதில்ல. ஒரு விதி விடாம செய்யப் போறேன். அதுதான் அவனுக்குப் பொறுக்காது.”

கடல்தளத்தில் ஆளிருக்கும் வீடுகள் அவளுடையதோடு சேர்த்து ஒன்பது. மற்ற எட்டு வீட்டுப் பெண்களும் கை தூக்கினார்கள். ஐந்தாம் மாடி ரோசலி இரண்டு கையையும் தூக்கினாள். “எம்புருசனுக்குத் திக்குவாய். ஆறு மாசமா வானொலியில செய்தி வாசிக்கிறவன் கணக்கா பேசுதான். எனக்குப் பயமா இருக்கு” என்றாள். சிரித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

துரைச்சிங்கம் சாவியை எடுத்துக் கொடுத்தார், சொந்தப் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல.

பதினாறாம் தேதி முழுவதும் கித்தேரி எதையும் மாட்டவில்லை. அளந்துகொண்டே இருந்தாள். கம்பத்தின் உயரத்துக்குக் கயிறு வெட்டி, கம்பம் சாய்ந்தால் எதுவரை விழும் என்று நாலு பக்கமும் பிடித்துப் பார்த்தாள். மின்கம்பிகள் போகும் பக்கம் வேண்டாம் என்று அப்போதே ஒதுக்கினாள். கைப்பிடிச் சுவரில் மாட்டினால் வேலை சுலபம், ஆனால் அது ஒற்றைச் செங்கல். லிப்ட் அறையின் கான்கிரீட் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டு, அதைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

பதினேழாம் தேதி விடிந்ததும் வேலை ஆரம்பமானது. கீழே வண்டி நிறுத்துமிடத்தைக் கயிறு கட்டி மறித்து, ரோசலியைக் காவலுக்கு நிறுத்தினாள். தலையில் கவசம், உடம்பில் பாதுகாப்பு வார். அந்த வாரை ரேடியோக் கம்பத்தில் மாட்டாமல், தூணில் தனியாகப் பதித்த வளையத்தில் மாட்டினாள். ஸ்பேனரைக்கூடக் கயிறு கட்டி மணிக்கட்டில் முடிந்திருந்தாள்.

லீவு போட்டு வந்திருந்த ஜெசிந்தா ஏணியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். “எங்க ஆபீஸ்ல தெரிஞ்சா என் வேலை போயிரும்.”

“அப்ப போ.”

“ஏணிய யாரு பிடிப்பா?”

“அப்ப பேசாம பிடி. அந்தக் கேபிள்ல ஒரு வளைவு விடு. சுவருக்குள்ள நுழையிற எடத்துக்கு முன்னால கீழ தொங்கி மேல ஏறணும். இல்லன்னா மழத்தண்ணி கேபிள் வழியாவே வீட்டுக்குள்ள வந்துரும்.”

செம்புப் பட்டையைப் பதினாலு மாடிக்கும் கீழே இறக்கி, கட்டடத்தின் எர்த்தோடு இணைத்தாள். மின்னலின் மின்சாரம் கேபிளில் வந்தால் மண்ணுக்குள் திருப்பிவிடும் சின்னப் பெட்டியைக் கேபிள் நுழையும் இடத்தில் பொருத்தினாள். கடல் உப்பு ஒரே வருடத்தில் தின்றுவிடும் என்று சாதாரண நட்டு ஒன்றுகூடப் போடவில்லை, எல்லாம் துருப்பிடிக்காத எஃகு.

மூன்று மணிக்குக் கம்பம் நின்றுவிட்டது. தட்டும் ஏறிவிட்டது. தட்டின் பிடியில் நாலு போல்ட்டில் மூன்று முறுக்கியாயிற்று. அப்போது தெற்கே கடலுக்குமேல் வானம் கறுத்து, ஒருமுறை உறுமியது.

கித்தேரி இறங்கினாள்.

“மைனி, ஒரு போல்ட்டுதான்! ரெண்டு நிமிச வேலை!”

“எறங்கிட்டேன்ல.”

“நாளைக்கும் மழ வந்தா? மறுநாளும் வந்தா? இருபதாம் தேதி கையெழுத்து மைனி!” அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவே இப்போது பதறினாள்.

“இடி கேட்டா மாடியில ஆள் நிக்கக் கூடாது. நான் கருகிச் செத்தா உங்கண்ணனுக்கு அந்த மெசினு எப்படிச் சொல்லும் தெரியுமா? ‘கித்தேரி இப்போது ஓய்வில் இருக்கிறார்’னு சிரிச்சிக்கிட்டே சொல்லும். நட, கீழ.”

ஏறக்குறைய இரண்டு நாள் மழை விடவில்லை. பதினெட்டாம் தேதியின் ஒன்பது மணி போனது. பத்தொன்பதின் ஒன்பதும் போனது. கித்தேரி வீட்டுக்குள் பூட்டிய புலிபோல நடந்தாள், ஆனால் மாடிப்படியில் கால் வைக்கவில்லை. பத்தொன்பதாம் தேதி மத்தியானம் வானம் வெளுத்து, தரை காய்ந்த பிறகு ஏறி நாலாவது போல்ட்டை முறுக்கினாள். பரிசோதனைக்கு அன்றே எழுதிக் கொடுத்தாள். பரிசோதகர் கையெழுத்துப் போடாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பது முப்பத்தோராவது விதி.

இருபதாம் தேதி காலை எட்டரைக்குப் பரிசோதகர் கோதண்டம் வந்தார். ஒடிசலான மனிதர். சிரிக்க மறந்த முகம். கூடவே அலைவாய் நிறுவனத்தின் நீலச்சட்டை அதிகாரி ஒருவர், பார்வையாளர் என்ற பெயரில். ஜெசிந்தா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

கோதண்டம் ஒவ்வொரு போல்ட்டையும் தன் கையால் முறுக்கிப் பார்த்தார். எர்த்தை மானி வைத்து அளந்தார். வளைவைத் தொட்டுப் பார்த்தார். “இதெல்லாம் யாரும் போடுறதில்லையேம்மா” என்று ஆச்சரியப்பட்டார். இருபத்தொன்பது விதிகளுக்கு டிக் விழுந்தபோது மணி ஒன்பது பத்து. லிப்ட் அறையைச் சுற்றி மறுபக்கம் போனவர் அப்படியே நின்றார்.

கம்பத்திலிருந்து துணி காயப்போடும் கொக்கி வரைக்கும் ஒரு நைலான் கயிறு. அதில் வரிசையாகச் சாளைக் கருவாடு.

நீலச்சட்டைக்காரர் முதன்முறையாகச் சிரித்தார். “முப்பதாவது விதி சார். கம்பத்துல ரேடியோவைத் தவிர வேற பாரம் ஏத்தக் கூடாது. தோல்வின்னு எழுதுங்க. அடுத்த பரிசோதனை மூணு மாசம் கழிச்சு.”

துரைச்சிங்கத்தின் மனைவி சந்தனமேரி தலையில் கை வைத்துக்கொண்டாள். “அய்யோ, நான்தான்! ரெண்டு நாள் மழையில ஈரமாயிருச்சே, மாடியிலயே உறுதியா நிக்கிறது அதான்னு கட்டிட்டேன். கித்தேரி, என்னைச் செருப்பால அடிளா!”

“எதுக்குக்கா?” என்றாள் கித்தேரி. பைக்குள்ளிருந்து தாளை எடுத்துக் கோதண்டத்திடம் நீட்டினாள். “விதிய முழுசா வாசிங்க சார். ‘வடிவமைப்புக் கணக்கில் சேர்க்கப்படாத பாரம்’னு இருக்கும். இது என் கணக்கு. மூணாம் பக்கம்.”

கோதண்டம் கண்ணாடியை மாட்டி வாசித்தார். புயல்காற்றின் வேகம், தட்டின் எடை, கம்பத்தின் வளைவு. அதற்குக் கீழே சுத்தமான கையெழுத்தில்: ‘உலர்கயிறு ஒன்று, மின்சாரம் கடத்தாத நைலான், தட்டுக்கு எட்டடி கீழே. ஈரக் கருவாடு இருபது கிலோ.’

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “இதை எப்பம்மா எழுதினே?”

“கம்பம் வாங்குறதுக்கு முன்னாலயே சார். இந்தக் கட்டடத்துல எதை நட்டாலும் ஒரு வாரத்துக்குள்ள அதுல கருவாடு தொங்கும். தெரியாதவதான் அதை விட்டுட்டுக் கணக்குப் போடுவா.”

“சார், இது வந்து...” என்று தொடங்கினார் நீலச்சட்டை.

கோதண்டம் கருவாட்டை எண்ணினார். ஒவ்வொன்றாக, விரல் வைத்து எண்ணினார். பிறகு, “ஆறு கிலோகூட வராது” என்று சொல்லி டிக் போட்டார். கையெழுத்தும் போட்டார்.

மணி ஒன்பது நாற்பது.

கித்தேரி சுவிட்சைப் போட்டாள். ரேடியோவில் ஒரு சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. எதிரே ஒரு தட்டு பார்த்தால்தான் பச்சையாகும். இரண்டு நாள் ஒன்பதிலிருந்து பத்துவரை காத்திருந்து ஏமாந்தவன் இன்றைக்கும் போட்டு வைத்திருப்பானா? டப்பாவின் அடிவரை போனானா? ஏணியில் ஏறித் தட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். இடப்பக்கம். கொஞ்சம் மேலே. சிவப்பு. இன்னும் கொஞ்சம் இடம்.

பச்சை.

அவள் இறங்கி ஒலிவாங்கியை எடுத்தாள். ஒலிபெருக்கியிலிருந்து வந்தது வெறும் காற்றின் இரைச்சல். படபடவென்று தார்ப்பாய் அடிக்கும் சத்தம். அதற்குள் ஒரு மூச்சு. நீண்ட நேரம் அந்த மூச்சு மட்டும்தான்.

“என்னங்க?” என்றாள்.

“ஏளா.” கரகரத்த, உப்புத் தின்ற குரல். “உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?”

அவள் கேட்க வந்ததெல்லாம் மறந்துபோனது. “என்னது?”

“நாலு பக்கம் எழுதின. நட்டு, போல்ட்டு, எர்த்து! எப்படி இருக்கீயன்னு ஒரு வரி இருக்கா அதுல? சரி, போன்லயாவது கேக்கியா? வாராவாரம் சிரிச்ச மூஞ்சியா வந்து நிக்குத. நான் இங்க அழுது கேக்கேன், வந்திரட்டுமான்னு. நீ, ‘சௌகரியம்போல் வரவும்’னு சொல்லுத. ஆபீஸ் லெட்டர் கணக்கா! புருசன் இல்லாம இம்புட்டுச் சந்தோசமா இருக்கவளுக்கு நான் எதுக்கு? அதான் ரெண்டு வருசம் எழுதிக் கொடுத்துட்டுக் கெடப்போம்னு...”

கித்தேரி தொட்டிப் பக்கம் திரும்பினாள். ஜெசிந்தாவின் முகம் வெளிறியிருந்தது. ‘இந்தப் பக்கத்துப் பேச்சும் அப்படித்தான் போகுமா?’ என்று கித்தேரி கண்ணாலேயே கேட்டாள். ஜெசிந்தா ஆமென்று தலையாட்டினாள்.

“சிரிச்சேனா?” கித்தேரி ஒலிவாங்கியை வாயோடு சேர்த்துப் பிடித்தாள். “அழுதேன்யா நானு! ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் தொண்ட கிழியக் கத்தினேன். வந்து தொலைங்கன்னு கத்தினேன். உங்கம்மாவைக்கூடத் திட்டினேன்!”

“எங்கம்மாவையா?”

“ஆமா!”

“எப்ப?”

“போன மாசம்!”

“எங்கம்மாவ எதுக்குட்டி இழுத்த?”

“பின்ன? நீங்கதான் புரியுது, சம்மதம்னு கொஞ்சிக்கிட்டு இருந்தீயளே, வேற எப்படிச் சூடேத்துறது?”

மாடியில் நின்றிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பரிசோதகர் கோதண்டம் கிளம்ப மறந்து நின்றார். நீலச்சட்டை எப்போது இறங்கிப் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. கடலில் ஏதோ ஒரு குரல் அதட்டியது, தாள் சரசரத்தது.

“கித்தேரி, அதிகாரி வந்துட்டாரு. கையெழுத்துக்குக் கூப்பிடுறாரு.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் நின்றாள். அந்த மௌனம் முப்பத்திரண்டு கிலோமீட்டர் கடலைத் தாண்டி, ஒரு நொடிகூடக் குறையாமல், முழுசாக அவனிடம் போய்ச் சேர்ந்தது.

அடுத்து சவேரியான் அந்த அதிகாரிக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. சந்தனமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். ரோசலி கைதட்டினாள்.

இரண்டு நிமிடத்தில் கித்தேரியின் இடுப்பிலிருந்த கைபேசி இனிமையாக மணியடித்தது. ஜெசிந்தா அதை எடுத்துப் பார்த்து, ஆபீஸில் பேசும் அதே இதமான குரலில் வாசித்தாள்: “வணக்கம். உங்கள் கணவர் திரு. சவேரியான், பணி நீட்டிப்பை நன்றியுடனும் புன்னகையுடனும் மறுத்துள்ளார்.”

மொட்டைமாடியே வெடித்துச் சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் கோணிக்கொண்டு போனது. கழுத்தில் தொங்கிய அலைவாய் அடையாள அட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு, கித்தேரியின் தோளைத் தொட்டாள்.

“மைனி, அண்ணன்கிட்ட நானும் ஒரு வார்த்த பேசட்டா?”

கித்தேரி ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அவளுக்குப் பின்னால் எட்டுப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தார்கள்.

“வரிசையில வா” என்றாள். “நான் இன்னும் திட்டி முடிக்கல.”